மந்திரியின் ஞாபகமும் குகதாசனின் மீசையும்

கிட்ட வாங்கோ பிள்ளையள், அந்த ரீவியைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு இருங்கோ. ஒரு மந்திரியின்ர வாயில அகப்பட்டு ஒரு மீசை பட்ட பாட்டைச் சொல்லுறன்.

"என்னக்கா, இப்பதான் வாறியளோ? தேத்தண்ணிக் கெற்றில் எப்பவோ கொதிச்சிட்டுது!"

லண்டன் நடுவில், விசாரணை மண்டபத்து வாசலில் நின்ற செக்யூரிட்டி குகதாசன்தான் அப்படி அவசரப்படுத்தினான். எதிரே, நனைந்த குடையும் கம்பளிச் சட்டையும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக ஒரு தமிழ் அம்மா. ஐம்பது வயதிருக்கும். அவ கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினா.

"தேத்தண்ணி ஊத்த ஏஜென்சி தந்துவிட்ட கடிதமெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல தேத்தண்ணியை ஊத்துங்கோ. உள்ள மந்திரி காய்ஞ்சுபோய் இருக்கிறார்."

அம்மா அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தா. பிறகு கடிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி மந்திரி இருந்த அறைக்குள் போனா.

குகதாசனுக்கு அன்று ஒன்றும் ஓடவில்லை. அவனுடைய மீசை பந்தயத்தில் இருந்தது.

ஏதோ ஒரு தூர நாட்டுச் சண்டை. "அங்கே ஒரு துவக்கு, ஒரு தோட்டாக்கூட விற்க விடமாட்டோம்" என்று பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டு, பின்கதவால் விற்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தவர் இந்த மந்திரிதான் என்று பேச்சு. அதைத்தான் ஒரு நீதிபதி ஊரறிய விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவார், பார்" என்றான் கூட நிற்கும் எட்வேட். லண்டன் வால்தம்ஸ்டோப் பக்கத்து வெள்ளைக்காரன், செம்பட்டை மீசைக்காரன்.

"விடமாட்டினம்!" என்று துள்ளினான் குகதாசன். அகதி விசாரணையில் ஷெல் விழுந்த திகதியை அவன் மறந்துபோனதற்கு, மூன்று வருஷம் இழுத்தடித்த நாடல்லவா இது? மந்திரி பொய்யில் மாட்டினால் எட்வேட் மீசையை வழிக்கவேணும். தப்பினால் குகதாசன்.

கை குலுக்கின பிறகுதான் அவனுக்குத் தன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவில் கல்யாணப் பெண் சந்திரவதனா வந்து இறங்குகிறாள். மாப்பிள்ளையை அடையாளம் பிடிக்க அவள் கையில் இருப்பது, மீசையோடு எடுத்த ஒரேயொரு படம்.

அறைக்குள் மந்திரியும் அவருடைய வக்கீலும் இருந்தார்கள். அம்மா தேத்தண்ணிக்குப் பால் விட்டு, ரெண்டரைக் கரண்டி சீனி போட்டுக் கலக்கி, மந்திரியின் இடது கைப்பக்கம் வைத்தா. மந்திரி தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆ!" என்று கண்ணை மூடினார்.

"கடிதத்தைப் பற்றிக் கேட்டால்?" என்றார் வக்கீல்.

"ஞாபகமில்லை."

"பிரதி ஏதும் இருக்கோ?"

"எல்லாம் கிழிச்சாச்சு. அதைப் பார்த்த ஆக்களும் இல்லை."

அறை வாசலில் நின்ற குகதாசனும் பக்கத்தில் நின்ற அம்மாவும் அவர்களுக்கு ஒரு கதிரையும் மேசையும் மாதிரி.

"கேட்டியளோ அக்கா, உவற்ற கதையை?" குகதாசன் தமிழில் குமுறினான். "உவருக்குப் போய் சீனியை அள்ளிப் போடுறியள். உப்பையெல்லோ போட்டிருக்கோணும்!"

"கோவிக்காதையும் தம்பி. தொண்டை காய்ஞ்சால் மனுசன் எப்பிடிப் பொய் சொல்லுறது?"

மண்டபத்தில் மந்திரியின் தொண்டை நல்ல வடிவாக வேலை செய்தது. எழுதினீர்களா? ஞாபகமில்லை. கையெழுத்து வைத்தீர்களா? ஞாபகமில்லை. எட்வேட் விரல் மடித்து எண்ணினான். பத்து விரலும் முடிந்து சட்டைப் பொத்தான்களுக்குப் போனான்.

கடைசியில் மந்திரி நெஞ்சில் கைவைத்தார். "மை லோட், அப்படியொரு கடிதம் இருந்திருந்தால் அதை நான் மறந்திருக்க மாட்டேன்."

சனம் தலையாட்டியது. வாசலில் நின்ற குகதாசன் மூக்குக்குக் கீழே மெல்லத் தடவிப் பார்த்தான். எட்வேட் ஒரு விரலைச் சவரக்கத்தி போல இழுத்துக் காட்டிப் பல்லிளித்தான்.

"அடுத்த சாட்சி, மிஸஸ் மெற்றில்டா கிறிஸ்துநாயகம்!"

பின்வாங்கிலிருந்து எழும்பினது தேத்தண்ணி அம்மா.

"அக்கா, அக்கா! எங்க போறியள்? உங்களையில்லை!" குகதாசன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான்.

"சாட்சிக்கு வரச்சொன்ன கடிதத்தைத்தானே தம்பி காலமை உமக்குக் காட்டினனான்" என்று சொல்லி, குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவ நடந்தா.

பைபிளில் கைவைத்துச் சத்தியம் பண்ணி முடிய, கைப்பையிலிருந்து ஒரு பழைய சுருக்கெழுத்துக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தா.

"நீங்கள் யார்?" என்று கேட்டார் நீதிபதி.

"நாலு வருஷம் இவற்ற கந்தோரில ரைப் அடிச்சனான் ஐயா. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் நான்தான்."

மந்திரி அன்றைக்குத்தான் முதன்முதலாக அவவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதின அந்தக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா, அம்மா?"

"இவருக்கு ரெண்டரைக் கரண்டி சீனி எண்டதே இன்னும் மறக்கேல்லை ஐயா. கடிதத்தை மறப்பனோ?"

குகதாசன்ர மீசையைப் போல, உங்கட வீட்டிலயும் இருக்கவேண்டியதெல்லாம் இருந்த இடத்தில இருக்கட்டும், பிள்ளையள்.