இடது கைக்கு ஒரு பிடி

மடக்குக் கத்தியின் கைப்பிடியில் சணலை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ரப்பர் பால் தடவிக்கொண்டிருந்தான் அங்கமுத்து. செல்லாயி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். சியாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு அவள் புருஷன் பெயரை ரப்பர் தோட்டத்துக் கங்காணி கொடுத்துவிட்டார். கூலிகளின் லய வீடுகளிலிருந்த பாராங்கு வெட்டுக்கத்திகளையும் பறித்துக்கொண்டார். வீட்டில் மிஞ்சியது இந்தக் கத்திதான். விடிந்தால் லாரி வந்துவிடும்.

“இப்ப எதுக்குங்க இது?”

“பிடி வழுக்குது புள்ள.”

காய்ந்ததும் இடது கையில் பிடித்து அழுத்திப் பார்த்தான். மனசுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

“கங்காணிய ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஜப்பான்காரன் தலைய எடுத்துருவான்!”

அவன் சணலின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தான்.

அவன் குளிக்கப் போன நேரத்தில் கத்தியை ஆற்றில் வீசிவிட்டு வந்தாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினான். கேட்டதற்குத் தெரியாது என்றாள்.

காலையில் லாரியடியில்தான் சொன்னாள்: “ஆத்துல போட்டது நான்தாங்க. கொலைகாரனாகாம உயிரோட போய்ட்டு வாங்க.”

அங்கமுத்து தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.

“கங்காணிக்கு இல்ல புள்ள. விரல் இல்லாதவன சியாமுக்கு ஏத்த மாட்டாங்க. சொன்னா நீ விடமாட்ட. இடது கை பழக்கமில்லையேன்னுதான் பிடி சுத்துனேன்.”