கருகிய ஜன்னல்

"ஐயையோ, மூடியைக் கழட்டாதீங்கம்மா! வெளிச்சம் பட்டா உள்ள இருக்கிற டியூப் கருகிப் போயிடும்!"

பைனாகுலர் கடைக்காரர் பாய்ந்து வந்து தடுத்தார். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என்ன சாமானுங்க? கண்ணுல வச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே தெரியல."

"பகல்ல பார்க்கிறதுக்கு இல்லம்மா. இருட்டுல பார்க்கிறது. நைட் விஷன்."



இருட்டில் பார்க்க அவள் புருஷனுக்கு அப்படி என்ன இருக்கிறது? தண்ணீர் டேங்க்கில் பம்ப் ஆபரேட்டர். ராத்திரி ஷிஃப்ட். டேங்க் உச்சியில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரத்து வீடுகள் அத்தனையும் தெரியும். காலையில் அவர் வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, பையைத் துவைக்க எடுத்தவளுக்கு அடியில் இது கிடைத்தது. உறையின் மேல் இந்தக் கடையின் ஸ்டிக்கர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் உறையைத் திறந்து புரட்டிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கார்மா. பேட்டரியைத் தனியாக் கழட்டி வச்சிருக்கார். லென்ஸ்ல ஒரு கைரேகை இல்ல. ஈரம் ஏறாம இருக்கப் பொட்டலம்கூடப் போட்டிருக்கார். நான் சொன்னதை ஒண்ணு விடாமச் செய்றார்."

"வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார். விளக்கை அணைத்துவிட்டு, பேட்டரியைப் போட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அடடா... உள்ள கருகியிருக்கே!"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க!"

"நீங்க இல்லம்மா. பிரகாசமான விளக்கையே ரொம்ப நாள் பார்த்துக்கிட்டிருந்தா, அதோட உருவம் தழும்பு மாதிரி உள்ள பதிஞ்சிடும். கையில பிடிச்சுப் பார்த்தா இவ்வளவு ஆகாது. எங்கேயோ கட்டி வச்சு, ஒரே இடத்தையே பார்த்திருக்கார்."

"எந்த இடத்தை?"

"ஒரு ஜன்னல். நெட்டுக் கம்பி வச்சது. இடது பக்கம் ஒரு கம்பி மட்டும் வில்லா வளைஞ்சிருக்கு. உள்ள பளிச்சுனு ஒரு பல்பு."

"ஜன்னல்ல விளக்கை வச்சு ஊரைக் கூப்பிடுறாளா, எவளோ!" என்று பொருமினாள் அவள்.

கடைக்காரர் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். "போன மாசம் அவரே வந்தாரும்மா. 'உருவம்தான் தெரியுது, முகம் தெரியல'ன்னு குறைப்பட்டார். பெரிய விளக்குக்கு எதிர்ல நிக்கிறவங்க நிழலாத்தான் தெரிவாங்க. விளக்கு மங்கலா இருந்து, அவங்களும் இந்தப் பக்கம் திரும்பினாத்தான் முகம் தெரியும்னு சொன்னேன். 'உடம்பு இளைச்சிருக்கா, முகம் வாடியிருக்கான்னு தெரிஞ்சாப் போதுமே'ன்னார், பாவம்."

பாவமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான் என்பதற்காகப் பெற்ற மகனையே, "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று துரத்திய மனுஷன் அவர். அவளையும் விடவில்லை. அவனை இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கல் நெஞ்சு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தக் கல், எவளோ ஒருத்தியின் முகவாட்டத்துக்கு உருகுகிறதாம்!

பைனாகுலரைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வேட்டையில் இறங்கினாள்.

தையல்காரி மீதுதான் முதல் சந்தேகம். ஆனால் அவள் வீட்டில் கம்பிக்குப் பதில் பூ போட்ட கிரில். நர்ஸ் வீட்டில் வெறும் கண்ணாடி. புதிதாகக் குடிவந்த டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா, ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்குக் கொசுவலை அடிக்கணும்மா. அதான், நீங்க எப்படி அடிச்சிருக்கீங்கன்னு..."

"நாங்க அடிக்கவே இல்லையேக்கா!"

அசடு வழிந்தபடி அங்கிருந்து நழுவினாள். டீச்சர் வீட்டுக் கம்பிகளும் விறைப்பாக நிமிர்ந்துதான் நின்றன.

மீதி இருந்தது வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து. சாக்கடை நாற்றத்துக்குப் பயந்து அவள் கால் வைக்காத இடம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அதோ! நெட்டுக் கம்பிகள். இடது பக்கம் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய பல்பு தொங்கியது. 'மாட்டினியா!' என்று எட்டிப் பார்த்தாள். பல்புக்குப் பின்னால் தெரிந்தது அவளுடைய சமையலறை அலமாரி.

வீட்டுக்குள்ளிருந்தே பார்த்துப் பழகியவளுக்கு அந்தக் கம்பி வலது பக்கத்தில் அல்லவா இருந்தது! திரும்பிப் பார்த்தாள். நேர் எதிரே, தூரத்தில் தண்ணீர் டேங்க்.

அவர் விழிப்பதற்குள் பைனாகுலரைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும், 'அப்பா போயாச்சு' என்பதற்கு அடையாளமாக ஜன்னலில் எப்போதும் எரிய விடும் அந்தப் பெரிய பல்பைக் கழற்றிவிட்டு, மங்கலான ஒன்றை மாட்டினாள். வழக்கம்போல் சந்தில் வந்து நின்ற மகனிடம், தட்டு நுழைவதற்காக அவனே வளைத்த கம்பியின் வழியாகச் சாப்பாட்டை நீட்டினாள்.

"இன்னைக்கு என் பக்கம் பார்த்துச் சாப்பிடாதடா," என்றாள். "அந்த டேங்க் பக்கமாத் திரும்பி நில்லு... முகத்தை நல்லா நிமிர்த்திக்கோ."