நுணா இலைத் தட்டு

கொளஞ்சி கையை மோந்து பார்த்தாள். டெட்டால்தான். சோறு பிசைந்தாலும் டெட்டால், தலை வாரினாலும் டெட்டால்.

விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மதியம் புளிக்குழம்பு பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மேசைமேல் அந்தக் கண்ணாடித் தட்டு மூடியபடி இருந்தது. திறந்து பார்க்கத் தெம்பில்லை. சார் வரட்டும், அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு, புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமியை எந்தப் பச்சிலை கொல்லும் என்று தேடுகிற வேலை. உழவர்கரை வேலியோரம் பறித்த நுணா இலையை ஸ்பிரிட்டில் கழுவி, துண்டு போட்டு, கடல்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் வைக்க வேண்டும். ஒன்றும் முளைக்காமல் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த சோதனை.

அந்த முதல் படியையே அவளால் தாண்ட முடியவில்லை. எப்படிக் கழுவினாலும் சில நாளில் இலையோரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை எட்டிப் பார்த்துவிடும்.

“கை சுத்தம் போதலம்மா உனக்கு” என்பார் பேராசிரியர் அரிகிருஷ்ணன்.

கோபமாகச் சொன்னாலாவது தேவலை. அலுப்பாகச் சொல்வார். கை என்று சொல்லும்போது அவர் பார்வை அவளுடைய தைத்த செருப்புக்குப் போகும். அதுதான் அவளுக்குத் தாங்காது.

ஐப்பசி மழையில் சுவரே பூஞ்சை பூத்துக் கிடக்கிற பாண்டிச்சேரியில், அவள் கையிலிருந்துதான் வந்ததாம்.

வெள்ளிக்கிழமை இந்தத் தட்டிலும் பூஞ்சை தலைகாட்டியது. அவர் மூடியைத் திறந்தார். “இதுவும் வீணாப்போச்சா. திங்கக்கெழமை பேசிக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். வேறு பெண் வருவாள். அப்பாவுக்கு மில் வேலை போனதிலிருந்து சாரம் பகுதியில் அவள் வீட்டில் உலை கொதிப்பது இந்த வேலையால்தான்.

அழுதது தெரியக்கூடாதென்று சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தட்டு மேசையில் நகர்கிற சத்தமும், பிறகு அவருடைய செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டன.

அன்றைக்குத்தான் முதல்முறையாக, பூஞ்சை வந்த தட்டை வெந்நீரில் கொட்டிக் கழுவாமல் விட்டாள். எதைப் பார்க்கவும் பிடிக்காமல் மூடியைப் போட்டு அலமாரியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று திங்கள். தட்டை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். சார் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூடியை எடுத்தார். முகம் சுருங்கியது.

“யாரோட வெரல் இது?”

கொளஞ்சி எட்டிப் பார்த்தாள். கூழில் விரல் பதிந்த குழிகள் நான்கு. மூன்றில் மஞ்சளாக அதே சீழ்க் கிருமி மொத்தமாய்ப் படர்ந்திருந்தது.

நான் வைக்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் நான்காவது குழியைப் பார்த்தாள்.

இலைத் துண்டை ஒட்டியிருந்த குழி அது. காலியாக இருந்தது. இலையை வெட்டிய ஓரத்திலிருந்து வெள்ளைப் பூஞ்சை அந்தக் குழிவரை வந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லை.

“சார், பூஞ்ச வெட்டுன எடத்துல மட்டுந்தான் வருது. எல மேல ஒண்ணுமில்ல. உள்ளாற இருந்துதான் சார் வருது. அது பக்கத்துல கிருமி அண்டல பாருங்க.”

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

தேடியது இதைத்தான். இத்தனை நாள் அழுக்கு, அழுக்கு என்று வெந்நீரில் கொட்டச் சொன்னதும் இதைத்தான். இரண்டு பேருக்குமே அது விளங்கியது. சந்தோஷப்படத்தான் ஒருவருக்கும் தெம்பில்லை.

“இதுல வளந்திருக்கு, இதுல, இதுல. இதுல மட்டும் இல்ல” என்று அவர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டுக்கு மேலே கையை விரித்தார்.

நான்கு விரலும் நான்கு குழிக்கு நேராக நின்றன.

கை அப்படியே நின்றது.

கொளஞ்சி டெட்டால் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.