நாலு சிஸ்டம், ஒரு பென் டிரைவ்

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. ஒரு பென் டிரைவில நாலு ஒப்பரேட்டிங் சிஸ்டம் போட உங்களுக்குத் தெரியுமோ?"

கேட்டவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். மேசைமேல் ஒரு கணினி, ஒரு பென் டிரைவ், கேள்வி அச்சடித்த ஒரு தாள். நிஷாந்தி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஹட்டன் பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கணினிப் பயிற்சி நிலையத்தில், ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். சான்றிதழ்களை வாங்கிக்கொண்ட ஓர் அம்மாள், வெளிப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இவர் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

இது அவளுக்கு ஏழாவது நேர்முகம். இதுவும் கைவிட்டுப் போனால் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் புறப்பட வேண்டியதுதான். சித்தப்பா புடவைக்கடையில் வேலை பேசி வைத்திருந்தார்.

"தெரியுங்க சார்," என்றாள்.

"அப்ப செய்து காட்டுங்கோ. செய்யேக்க ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லிச் செய்யோணும். நான் எழுதிறன்."

அவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டு, ஒரு கொப்பியை விரித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கண்டிப்பானவராகத்தான் இருப்பார் என்று நினைத்தபடி அவள் பென் டிரைவைச் செருகினாள்.

"மொதல்ல வென்டாய்ங்கிற புரோகிராமத் தொறக்கணுங்க சார். இந்த எடத்துல பென் டிரைவத் தெரிவு செய்யணும். இன்ஸ்டால் குடுத்தா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும்."

"எல்லாமோ?"

"எல்லாந்தாங்க."

"ஒருத்தர் அவசரத்தில பென் டிரைவுக்குப் பதிலா கம்ப்யூட்டரிட டிஸ்கைத் தெரிவு செய்தால்?"

"கம்ப்யூட்டரே காலிங்க சார்."

அவர் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். சிக்கலான கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறார் என்று நிஷாந்தி எண்ணினாள். இன்ஸ்டாலை அழுத்தி வேலையைத் தொடர்ந்தாள். இரண்டு விண்டோஸ், இரண்டு லினக்ஸ். கணினியில் தயாராக இருந்த நான்கு ஃபைல்களையும் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது.

"நாலும் ஒண்டுக்கொண்டு சண்டை பிடிக்காதோ?"

கேட்ட முகத்தில் சிரிப்பே இல்லை. பாடம் நடத்தத் தெரியுமா என்று சோதிக்கிறார் போலும்.

"பிடிக்காதுங்க. எங்க தோட்டத்து லயத்த எடுத்துக்கங்க சார். வரிசையா வீடுங்க. ஒரே கூரைதான், ஆனா வீட்டுக்கு வீடு தனிக் கதவு. எந்தக் கதவத் தட்டுறமோ அந்த வீட்டு ஆளுதான் வரும். மத்தவங்க அவங்கவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

"ஆஹா," என்றார் அவர். "திருப்பிச் சொல்லுங்கோ, லயம் எண்டதில இருந்து."

மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை அவரே கூடச் சேர்ந்து சொன்னார்.

ஃபைல்கள் ஏறி முடிந்ததும் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். வழக்கமான விண்டோஸே நேராக வந்து நின்றது.

"ஐயோ, பிழைச்சுப் போச்சோ?" அவள் பதறியதைவிட அவர் அதிகமாகப் பதறினார்.

"இல்லைங்க சார், கீய அமுக்கப் பிந்திட்டேன். போட்ட ஒடனே எஃப் பன்னெண்ட அமுக்கணும். மறுபடி போடுறேன், நீங்களே அமுக்கிப் பாருங்க."

அவர் விசைப்பலகையில் மேலும் கீழும் விரலால் தேடினார். அந்தத் தேடலும் சோதனையில் ஒரு பகுதி என்று பட்டதால், நிஷாந்தி அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை அமுக்கவும் பழக்கினாள்.

கறுப்புத் திரையில் நான்கு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த நேரத்தில் கதவு திறந்தது. சான்றிதழ் வாங்கிய அதே அம்மாள், கையில் கோப்போடு உள்ளே வந்தார். நிஷாந்தியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இது எப்படி வேல செய்யுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

நிஷாந்தி வாயைத் திறக்குமுன் டைக்காரர் எழுந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல, டிஸ்க் அழிவதிலிருந்து லயத்துக் கதவு வரைக்கும் ஓர் எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தார். மேலிடத்து ஆள் வந்தால் எந்த அதிகாரியும் தானே முந்திக்கொள்வார்தான் என்று நிஷாந்தி மனதைத் தேற்றிக்கொண்டாள். கொழும்பு பஸ் கண்ணுக்குள் வந்து போனது.

அம்மாள் கோப்பை மூடினார்.

"சாருஜன், ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி இந்தச் சோதனத் தாள ஒங்க கையில குடுத்தப்ப, கம்ப்யூட்டர 'பூட்' பண்ணுறதுன்னா கால்ல சப்பாத்துப் போடுறதான்னு எங்கிட்டக் கேட்டீங்க," என்றவர் நிஷாந்தி பக்கம் திரும்பினார். "ஒங்கள மாதிரியே வேல கேட்டு வந்த இவருக்கே இவ்வளவு வெளங்க வச்சிட்டீங்கன்னா, நீங்க சோதன எழுதத் தேவையில்ல, திங்கக்கிழம வந்து பாடத்த ஆரம்பிங்க."