இரண்டு ரயில்களுக்கு நடுவே

பெருநகரத்தை ஒட்டிய பழைய ஊரில், ரயில் பாதையோரம் நூறாண்டு கடந்த வீடு அது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியே மாலை வெயில் தரையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கிறது. வாடகைக்கு வருபவர்களுக்கு வீட்டுக்கார அம்மாள் இரண்டு ரயில்களுக்கு நடுவில்தான் வீட்டைக் காட்டுவாள். இன்று கணவனோடு வீடு பார்க்க வந்த நர்ஸ், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்கிறாள்: "சத்தம் இருக்காதேம்மா? இவ கண்ணசர்றதே அபூர்வம்."

"ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்!"

சொல்லி வாய் மூடவில்லை. தாமதமான ரயில் தடதடத்து வருகிறது. கண்ணாடிகள் அதிர, தரையில் வண்ணங்கள் நடுங்குகின்றன.

"பெரிய ஊசிதான்!" என்கிறான் நர்ஸின் கணவன்.

குழந்தை சப்புக்கொட்டிவிட்டு, தாயின் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்குகிறது. நர்ஸ் மூச்சுவிடாமல் நிற்கிறாள்.

"கூட்ஸ் வண்டி இதைவிடச் சத்தமா போகும்மா," என்று அம்மாள் தலைகுனிந்து உண்மையைச் சொல்கிறாள்.

"போகட்டும். சாவியைக் குடுங்க," என்று நர்ஸ் கிசுகிசுக்கிறாள்.