பின்சுவர்

எமிலியன் சாமியார் கண்விழித்தபோது அவர் வீட்டின் பின்சுவரை ஊரார் கடப்பாறையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலையில் பிணத்தை வாசல் வழியாக எடுப்பதில்லை. வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடுமாம். அதனால் பின்சுவரில் ஓட்டை போட்டு எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு, வந்து அடைத்துவிடுவார்கள். முந்தின நாள்தான் சாமியார் அவர்கள் தெய்வம் குடியிருந்த வேங்கை மரத்தைப் பேய்மரம் என்று சொல்லி வெட்டி, சிலுவை செய்து நட்டிருந்தார். “யாருடா செத்தா? நான் உள்ளதான்டா இருக்கேன்!” என்று கத்தினார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்வாசலுக்கு ஓடினார், கதவுக்கு வெளியே கல் அடுக்கியிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஓட்டை ஆள் நுழையும் அளவுக்கு விழுந்திருந்தது. அதற்கு நேராக மூங்கில் பாடையை இறக்கிவைத்திருந்தார்கள். பாடைக்குப் பக்கத்தில், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் மாதி தன் மகளோடு நின்றாள்.

“மாதி, நீயாவது சொல்லு! உன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வெச்சது நான்தானே?”

“அம்மா, சாமியார் கூப்பிடுறாரு” என்றாள் சிறுமி.

மாதி அவள் காதுகளைப் பொத்தினாள்.

“பதில் சொல்லாத. செத்தவங்க புதைக்கிற வரைக்கும் பேசத்தான் செய்வாங்க.”