கிளம்பிவிட்டாள் நர்சம்மா

"மாமியாரைப் பிடிக்கலைன்னா தனிக்குடித்தனம் போவாங்க. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வைக்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்."

வந்து இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மகள் ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிரவில்லை. பிரசவ வார்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கே நர்சம்மா. இன்று மத்தியானம் விமானம். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம், சம்பளம் இல்லாமல், பிரசவம் பார்க்கப் போகிறாள்.

"யாரும் என்னை அனுப்பலை. நானாத்தான் போறேன்."

"ஃபாரம் நிரப்பினது யாரு? அண்ணிதானே?"

"அந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் எனக்குத் தெரியுமா? கேட்டேன், செஞ்சு குடுத்தா."

"அதான் கேட்கிறேன். மத்த எதுக்காவது இவ்வளவு சுறுசுறுப்பு உண்டா?"

அம்மா ஒரு புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படிப் போக அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் தடவை இந்த மகளின் பிரசவம் வந்தது. கட்டின பெட்டியைப் பிரித்தாள். அடுத்த தடவை மகனுக்கு முதுகில் ஆபரேஷன். மறுபடி பிரித்தாள். அடுத்த மாசம் அறுபத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். இதை விட்டால் அவ்வளவுதான்.

மகள் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கட்டு உல்லன் தொப்பிகளை எடுத்தாள்.

"அந்த வெயிலுக்கு இதுவா? உனக்கு ஏதும் ஆயிடுச்சா அம்மா?"

"பக்கத்து வீட்டு டீச்சர் பின்னிக் குடுத்தாங்க. அப்பத்தான் பொறந்த குழந்தைக்கு எந்த ஊரானாலும் குளிரும்டி. உள்ளே வை."

"சரி, அண்ணி எங்கே?"

"ரூம்ல. தலைவலியாம்."

"இன்னிக்குமா?"

"மூணு வாரமாவே ஆளைப் பிடிக்க முடியலை. காலையில நான் பிரார்த்தனை முடிச்சு எழுந்திருக்கிறதுக்குள்ள ஆபீஸ் கிளம்பிடறா. திரும்பி வந்தா கதவைச் சாத்திக்கிறா. வேலை அதிகமாம்." சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கியது. "பாவம், அலுப்பா இருக்கும்."

மகன் பெட்டியை எடை மெஷினில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா, நீ ஒண்ணும் கேட்கமாட்டியா? உனக்கு வாயே இல்லையா?"

"ஒரு கிலோ கூட இருக்கு. அந்தச் சிவப்புப் புடவையை எடுத்திடலாமா அம்மா?" என்றான் அவன்.

"நல்லா வளர்த்தே பிள்ளையை," என்றாள் மகள் அம்மாவிடம்.

டாக்ஸி வந்துவிட்டது. அம்மா செருப்பை மாட்டப் போனவள், திரும்பி வந்து மருமகளின் அறைக் கதவை லேசாகத் தட்டினாள்.

"போயிட்டு வரேம்மா."

உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"பத்திரமாப் போயிட்டு வாங்க அத்தை."

அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். கதவு திறக்கவில்லை. மூடின கதவின் மேலேயே உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு படி இறங்கிவிட்டாள்.

வழியெல்லாம் மகள் பொரிந்து தள்ளினாள். "வாசல் வரைக்கும் வர முடியாதா? ஒரு வருஷம் பார்க்கப் போறதில்லை. என் மாமியார்கிட்ட நான் இப்படி நடந்திருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

முன் சீட்டில் மகன் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விமான நிலைய வாசலில் அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "வீட்டுக்குப் போய் அவளை ஒண்ணும் கேட்காதே. அவ மனசுல ஏதோ இருக்கு. என்னன்னு தெரியலை. நல்லா இருக்கட்டும்."

மகள் தலையை ஆட்டவில்லை.

அம்மா உள்ளே போய் மறைகிற வரை நின்றுவிட்டு, அதே டாக்ஸியில் திரும்பினார்கள். படியேறும்போதே மகள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இருந்தாள்.

அறைக் கதவு இப்போது விரியத் திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம். மருமகள் வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தாள்.

மகன் தங்கையைத் தாண்டி ஓடி, மனைவியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான்.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எத்தனை மாசம்?"

"மூணு ஆகப்போகுது," என்றான் மகன்.

"கல்யாணமாகி ஏழு வருஷம். இதுக்காக அம்மா வேண்டாத நாள் உண்டா? அவங்ககிட்டேயா மறைச்சீங்க?"

மருமகள் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. வாந்தியால் மட்டும் சிவந்ததாகத் தெரியவில்லை.

"சொல்லியிருந்தா மூணாவது தடவையும் பெட்டியைப் பிரிச்சிருப்பாங்க. என் முகத்தைப் பார்த்தாலே அத்தை கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் மூணு வாரமா அவங்க கண்ணுல படாம ஓடிக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் கதவைத் திறந்திருந்தா, நானே அழுது கொட்டியிருப்பேன்."

மகள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"எப்பத்தான் சொல்லப் போறீங்க அண்ணி?"

"அங்க போய் முதல் பிரசவம் பார்த்துட்டு போன் பண்ணுவாங்க இல்ல, அப்பச் சொல்றேன். ஒரு குழந்தையைக் கையில வாங்கிட்டாங்கன்னா, அடுத்து வலியோட படுத்திருக்கிறவளை விட்டுட்டு வர அத்தைக்கு மனசு வராது."